வளையம் திரும்பிய வெள்ளிக்கிழமை

செம்பவாங்,
திங்கட்கிழமை, 1963

சிராங்கூன் ரோடு கடிகாரக் கடை வடிவேலு அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் சேதுபதி வணக்கத்துடன் எழுதுவது. அன்னம்மா அக்காவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. உங்கள் கடிகாரம் என் மாப்பிள்ளை கோவிந்தசாமியை ஆஸ்பத்திரியில் கிடத்திவிட்டது.

கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டார் வாட்ச் கட்டுவது வழக்கம் என்று உங்கள் கடைக்குத்தானே வந்தோம்? என் வீட்டுக்காரி லட்சுமி தங்கநிறத்தில் ஒன்றைக் கையில் எடுத்து, இதுதான் பந்தலில் பளிச்சென்று தெரியும் என்றாள். நீங்கள் அதைப் பிடுங்கி உள்ளே வைத்துவிட்டு, மாப்பிள்ளை கப்பலுக்கு அடியில் முங்குகிற டைவர், அவருக்குத் தண்ணீர் புகாத வாட்ச்தான் வேண்டும் என்று கறுப்பு முகமும் சுற்றிலும் ஒரு வளையமுமாகச் சட்டிமூடி மாதிரி ஒன்றை எடுத்துப் போட்டீர்கள். அந்த வளையம் ஏன் சுற்றுகிறது, அதில் சிவப்புக் குறி எதற்கு என்றெல்லாம் நெடுநேரம் சொன்னீர்கள். அந்த நேரம் பார்த்துக் காப்பி வந்துவிட்டது. உங்களை நம்பித்தான் வாங்கினேன் அத்தான். கல்யாணத்தில் நானே மாப்பிள்ளை கையில் கட்டினேன். அன்றிலிருந்து அவர் தண்ணீரில் இறங்கும்போதெல்லாம், சாமான் கொட்டகையில் கணக்கெழுதும் கிராணியான நான் படித்துறைவரை போய் நானேதான் வாட்ச் வாரை மாட்டிவிடுவேன். அவருக்கு இரண்டு கையும் காற்றுச் சிலிண்டரில் இருக்கும்.

வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். காலையிலேயே இறங்கியிருக்க வேண்டியவர், கான்டிராக்டர் லாரி வராமல் பத்து மணி தாண்டித்தான் இறங்கினார். பத்தரைக்கு ராகு காலம். வாயும் வயிறுமாக இருக்கும் என் மகள் பூவம்மாவை நினைத்து, அந்த நேரத்தில் அவர் தண்ணீருக்குள் இருக்கக் கூடாது என்று பட்டது. ராகு காலம் என்று வாய்விட்டுச் சொன்னால் சிரிப்பார். அதனால் வாரை மாட்டும்போதே ஓசைப்படாமல் அந்தச் சிவப்புக் குறியைப் பத்தரைக்கு நேராகத் திருப்பி வைத்தேன். பெரிய முள் அதைத் தொடும்போது மனுஷருக்கு மேலே வரத் தோன்றுமே என்றுதான். தொட்டாலே திரும்புகிறது அத்தான், அவ்வளவு லொடலொட வளையம். அதை முதலில் சரிபார்க்க வேண்டாமா?

பத்தரை ஆகியிருக்கும், மேலே வரவில்லை. மேலே கயிறு பிடித்த ஜலாலுதீனிடம் வாட்ச் கிடையாது, உங்கள் கடிகாரத்தை நம்பித்தான் எல்லோரும் நின்றோம். கயிறு அசையாமல் போனபோது அவர் இழுத்துப் பார்த்தார், கப்பலுக்கு அடியில் எங்கோ சிக்கிக்கொண்டது. அவரே குதித்துத் தூக்கி வந்தார். சிலிண்டரில் காற்றே இல்லை. மாப்பிள்ளை முகம் நீலமாக இருந்தது. நுரையீரலில் தண்ணீர் என்கிறார் டாக்டர். இன்னும் கண் திறக்கவில்லை. பூவம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறாள், சோறு இறங்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது அத்தான். அந்தக் கோபத்தில்தான் எழுதுகிறேன். நேரம் காட்டத் தெரியாத கடிகாரத்தை என் தலையில் கட்டிய பாவத்துக்கு நீங்களே நேரில் வந்து பூவம்மாவிடம் பதில் சொல்ல வேண்டும்.

மற்றபடி அக்காவுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும். வீரமாகாளியம்மன் உங்கள் கடையைக் காப்பாற்றட்டும், என் மாப்பிள்ளையை அதற்கு முன்னால் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
சேதுபதி

பி.கு: புதன்கிழமை. தபாலில் போடுவதற்குள் மாப்பிள்ளை கண் திறந்துவிட்டார். மேலே உள்ளதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன், உங்கள் விலாசத்தைத் தவிர எல்லாவற்றையும் அடிக்க வேண்டியிருந்தது. அந்த வளையம் எதற்கென்று ஜலாலுதீன் சொன்னார். இறங்கும்போது பெரிய முள் நிற்கும் இடத்தில் சிவப்புக் குறியை வைத்துவிட்டால், முள் அதைவிட்டு எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவு நேரக் காற்று செலவாகிவிட்டது என்று அர்த்தமாம். மாப்பிள்ளை என்னிடம் கொடுக்கும்போதே ஒழுங்காகத்தான் வைத்திருந்தார். நான் பத்தரைக்குத் திருப்பிவைத்ததால், அதற்கு முன் செலவான காற்று கணக்கில் வராமல், காற்று தீரப்போகிற நேரத்தில் பாதிக்கு மேல் மிச்சம் என்று காட்டியிருக்கிறது. கடிகாரம் ஒரு நிமிஷம்கூடத் தவறவில்லை அத்தான், இன்னும் ஓடுகிறது.

கான்டிராக்டரின் ஆள் வந்து விசாரித்தபோது, கப்பலில் கை உரசி வளையம் திரும்பிவிட்டது என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார். ஆள் போன பிறகு, இறங்குமுன் ஒரு தடவை பார்த்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். "நீங்க கட்டிவிட்டதுதானே மாமா, அதை வேற பாக்கணுமா?" என்றார். இனி அவரால் முங்க முடியாது, நுரையீரல் தாங்காதாம். ஆனாலும் வாட்சைக் கேட்டு என் பக்கம் கையை நீட்டினார். என்னால் வாரைத் தொட முடியவில்லை. பூவம்மாதான் கட்டிவிட்டாள்.