எக்ஸ்பிரஸ் சார் நின்றுவிட்டார்

அன்புள்ள சித்திக்கு,

நான் நலம். நீங்களும் சித்தப்பாவும் உங்கள் தையல் மெஷினும் நலமாக இருக்க வேண்டும். இன்று காலை நான் சொல்லாமல் விட்டது இதுதான்: "சாருக்கு ஒன்றும் ஆகவில்லை, காத்திருக்கிறார்." இதைச் சொல்லாததால் எனக்கு வேலை போகப்போகிறது. "வாயத் தொறந்து பேசுடி" என்று நீங்கள் எத்தனை முறை தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள்! ஆகவே உங்கள் மாடி அறையிலுள்ள துணி மூட்டைகளை ஓரங்கட்டி வையுங்கள். வந்துவிடுகிறேன்.

இந்தக் கல்லூரியில் பேராசிரியர்களுக்கு ஆன்லைனில் பாடம் நடத்தச் சொல்லிக்கொடுப்பதற்காக என்னைத் தற்காலிகமாக வைத்திருக்கிறார்கள், இல்லையா? அவர்களில் இயற்பியல் பேராசிரியருக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். வகுப்பு தொடங்கினால் எந்த ஸ்டேஷனிலும் நிற்க மாட்டார். கேள்வியும் அவரே, பதிலும் அவரே. "அவரை ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு பதிலுக்காக நிக்க வச்சிடும்மா, உன் வேலை நிரந்தரம். இல்லேன்னா இந்தப் பருவத்தோட சரி" என்று முதல்வர் சொல்லிவிட்டார். நானும் விடாமல் பழக்கினேன். "கேள்வி கேளுங்க சார், கேமராவைப் பாத்துச் சிரிச்ச முகமா இருங்க. பதில் முழுசா வர்ற வரைக்கும் யார் என்ன சொன்னாலும் அசையாதீங்க." அவர் வீட்டிலும் பயிற்சி செய்திருக்கிறார். அவர் மனைவி என்னைப் போனில் கூப்பிட்டு, "என்னம்மா பண்ணி வச்சிருக்க? கதவத் தொறங்கன்னா சிரிச்சுக்கிட்டே பாத்துட்டிருக்கார்!" என்றார்.

இன்று மாதிரி வகுப்பு. சார் மாடியில் ஆய்வகத்தில்; மாணவர்கள் அவரவர் வீட்டில்; நான் கீழே முதல்வர் அறையில், அவரோடு, அவருடைய மடிக்கணினி முன்னால். தன் மைக்கை அணைக்க முதல்வருக்கு இன்னும் வரவில்லை. (அவருக்கும் பயிற்சி கொடுத்தது நான்தான்.) சார் கேட்டார்: "லிஃப்ட் கீழ இறங்க ஆரம்பிக்கிறப்போ நம்ம எடை குறைஞ்ச மாதிரி ஏன் தோணுது?" கேட்டுவிட்டு நின்றார். சிரித்தார். கண்கூட இமைக்கவில்லை, சித்தி! கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை நிற்பாரே, அப்படி. எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. முதல்வரோ, "போச்சு! நெட் போச்சு! மனுஷன் அப்படியே உறைஞ்சு நிக்கிறார் பாரு!" என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி கத்தினார். சாருக்கும் கேட்டிருக்கும். ஆனால் யார் என்ன சொன்னாலும் அசையக்கூடாதே!

நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் ஒரு பெண்ணின் குரல். பருவம் முழுக்க ஒரு வார்த்தை பேசாதவள். நெட் போய்விட்டது, சாருக்குக் கேட்காது என்ற தைரியத்தில், தனக்குத்தானே சொல்லிப் பார்க்கிறவள் போல, "தரை நம்ம காலை மேல தள்ளுறது கொறையுதில்ல... அதனாலயா? அப்போ லிஃப்ட் அறுந்து விழுந்தா..." என்றாள். சாருக்கு ஒன்றுமில்லை என்று அந்த மைக்கின் முன் நான் சொன்னால் அவள் அந்த நொடியே அடங்கிவிடுவாள். அவள் கூச்சம் எனக்குத் தெரியாதா? பேசாமல் இருந்தேன். முதல்வரின் கத்தலைக் கேட்டு வந்த கணினி அறைக்காரர் இன்டர்நெட் பெட்டியை நோக்கி ஓட, வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினேன். சீக்கிரம் என்கிறேன் என்று நினைத்து அவர் இன்னும் வேகமாக ஓடி வயரைப் பிடுங்கிவிட்டார். இருட்டுத் திரை. "உன் பயிற்சியோட லட்சணம் இதுதானாம்மா?" என்றார் முதல்வர்.

நேராக என் அறைக்கு வந்து இதை எழுதுகிறேன். சித்தப்பாவுக்கு வணக்கம். குட்டிப்பயலுக்கு ஒரு முத்தம், ஒரு குட்டு.

உங்கள் ஊமைக்கொட்டான்

பி.கு.: மூட்டைகளை நகர்த்த வேண்டாம். உறையை ஒட்டும்போது முதல்வர் கூப்பிட்டனுப்பினார். போனால் எக்ஸ்பிரஸ் சார் அங்கே மூச்சிரைக்க நிற்கிறார். "இத்தனை வருஷத்துல என் கேள்விக்கு ஒரு புள்ள தானா பதில் சொல்லி இன்னைக்குத்தான் கேட்டேன். பாதியில வயரைப் புடுங்கினது யாரு?" முதல்வர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதியம் வகுப்பை மறுபடி நடத்தினார்கள். சார் அதே கேள்வியைக் கேட்டுவிட்டு நின்றார். அந்தப் பெண் மீதியைச் சொன்னாள். என் வேலை நிரந்தரமாகிவிட்டது.