இடக்குத் துரையும் இடது பக்க நட்டுகளும்

குன்னூரில் எந்த மூலையில் ஸ்பேனர் தரையில் விழுந்தாலும், அந்தச் சத்தம் அடங்குவதற்குள் அங்கே வந்து நின்று "தப்பு" என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர் இடக்குத் துரைதான். ஆண்டவனே வந்து நட்டுக் கழற்றினாலும் அதையேதான் சொல்லியிருப்பார். பன்னிரண்டு வருடம் அவருக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்தவன் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்கு முழு உரிமை உண்டு. ரத்த அழுத்த மாத்திரையும் உண்டு.

துரை என்றதும் எஸ்டேட் முதலாளி என்று நினைத்துவிடாதீர்கள். கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். சிறு வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு கப்பலேறி வந்தவர். எஸ்டேட்டை விட்டுப் போன ஒரு மேனேஜர், ஷெட்டில் கிடந்த பழைய அமெரிக்கக் காரை "நீயே வைத்துக்கொள்" என்று இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். கரும்பச்சை நிறம். நீளத்தில் பாதிக் கல்யாண மண்டபம். மேனேஜர் துரையின் காரில் வந்ததால் இவரும் துரை ஆனார். இடக்கு அவருடைய சொந்தச் சம்பாத்தியம்.

விஷயம் இதுதான். அந்தக் காரின் வலது பக்கச் சக்கரங்களில் இருந்த நட்டுகள் உலக வழக்கப்படி இடப்பக்கம் திருகினால் கழலும். இடது பக்கச் சக்கரங்களில் இருந்தவை வலப்பக்கம் திருகினால்தான் கழலும். தெரியாமல் வழக்கம்போல் திருகினால் இன்னும் இறுகும். விடாமல் பலத்தைக் காட்டினால், நட்டு ஏறியிருக்கும் ஸ்டட் என்கிற கட்டை இரும்பு முறிந்து கையோடு வந்துவிடும். சக்கரம் சுழல்கிற சுழற்சியில் நட்டு தானாகக் கழன்றுவிடக் கூடாது என்று அந்தக் காலத்தில் செய்த ஏற்பாடாம். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு நிமிடம் ஆனது. சொல்லி முடிக்க அவருக்குப் பன்னிரண்டு வருடம் போதவில்லை.

ஒரு முறை பஞ்சர் கடைக்குக் காரைக் கொண்டுபோனார். வழித்துணைக்கு நான். கடைக்காரர் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை இடது முன்சக்கரத்தில் வைத்தார்.

"தப்பு" என்றார் துரை.

"ஏனுங்க பெரியவரே, நான் ஒரு நாளைக்கு இருவது வண்டி கழட்டறனுங்க."

"அந்த இருவதுல ஒண்ணாவது என் வண்டியா?"

'டப்' என்று ஒரு சத்தம். ஸ்டட் முறிந்துவிட்டது. துரை அதைப் பொறுக்கித் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அடுத்த ஆறு மாதம் அது அந்தப் பையிலேயே இருந்தது. ரேஷன் கடையில் எடுத்துக் காட்டினார். கோயில் திருவிழாவில் காட்டினார். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இறந்தபோது, கண்ணீரோடு நின்ற அவருடைய மூத்த மகனைத் தனியே அழைத்துப்போய், "இங்க பாருங்க, தலையில 'எல்'லுனு எழுத்தே போட்டிருக்கான். படிச்சுப் பாக்க ஆளில்ல" என்று காட்டினார். அந்த மகன் ஏதோ சடங்குச் சாமான் என்று நினைத்து அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மாற்று ஸ்டட் செய்ய என்னைக் கோயமுத்தூர் லேத் பட்டறைக்கு இழுத்துப்போனார். தேயிலை புரோக்கர் ஆபீஸில் எனக்குக் கிடைப்பதே சனிக்கிழமை ஒரு நாள்தான். முதல் சனிக்கிழமை, பட்டறைக்காரர் பழக்கதோஷத்தில் சாதாரண மரை போட்டுக் கொடுத்துவிட்டார். இரண்டாம் சனிக்கிழமை மரை சரி, பருமன் தப்பு. மூன்றாம் சனிக்கிழமை எல்லாம் சரியாக அமைந்தது. அதைப் பார்த்துத் துரைக்கு முகம் வாடிவிட்டது. திரும்பும் வழியில், மலை ஏறி முடிகிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. தப்பு என்று சொல்ல ஒன்றும் இல்லையே!

அப்புறம் எச்சரிக்கைப் பலகை எழுதும் யோசனை வந்தது. காரின் பின்புறம் 'இடது பக்க நட்டுகளை வலது பக்கம் திருப்பவும்' என்று எழுத ஏற்பாடு செய்தார். பெயிண்டருக்கு இடம் போதவில்லை. நட்டுகளை விட்டுவிட்டார். 'இடது பக்க வலது பக்கம் திருப்பவும்' என்ற வாசகத்தோடு கார் கோத்தகிரி ரோட்டில் போனது. பின்னால் வந்த சுற்றுலா வேன் டிரைவர் அதைப் படித்துக் குழம்பி, கடைசி மூன்று சொல்லை மட்டும் நம்பி, வலது பக்கம் இருந்த டீ ஃபேக்டரிக்குள் திருப்பிவிட்டார். வேனில் இருந்தவர்கள் இறங்கி, ஃபேக்டரியைச் சுற்றிக் காட்டச் சொல்லி வரிசையில் நின்றார்களாம்.

போலீஸ்காரர் வீட்டுக்கே வந்தார். "ரோட்டுல போறவங்களுக்கு வழி சொல்ல நீங்க ஆருங்க?"

"நான் நட்டுக்குச் சொன்னதுங்க அய்யா. வேனுக்கு இல்ல."

அவர் மனைவி ரோசம்மா அக்கா வாசற்படியில் நின்று தலையில் கைவைத்துக்கொண்டார். "கோயில்ல கல்யாணத்தன்னிக்கு என்னைய எடது பக்கம் நிக்கச் சொன்னாரு ஃபாதர். இந்த மனுசன் அப்பவே தப்புன்னாரு. அன்னைக்கே நான் எறங்கிப் போயிருக்கணும்."

இப்படிப்பட்டவரின் காரில் என் மகள் நித்யாவைக் கல்யாணத்துக்கு அழைத்துப்போக வேண்டி வரும் என்று யார் கண்டது?

முகூர்த்தம் காலை ஒன்பதரைக்கு, கோத்தகிரி மண்டபத்தில். உறவினர்களை முதல் பஸ்ஸிலேயே அனுப்பிவிட்டோம். எங்களுக்காகப் பேசியிருந்த வேன், மேட்டுப்பாளையம் ரோட்டில் மரம் விழுந்து அந்தப் பக்கமே நின்றுவிட்டது. சீசன் நேரம், வேறு வண்டி கிடைக்கவில்லை. துரை கேட்காமலேயே காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். பின்சீட்டில் நானும் மனைவியும் நித்யாவும். முன்சீட்டில், பெண்ணை அழைத்துப்போக வந்திருந்த மாப்பிள்ளையின் பெரியப்பா.

பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொள்ளாச்சித் தென்னந்தோப்புக்காரர். கல்யாணப் பத்திரிகையில் தம் பெயர் தம்பி பெயருக்குக் கீழே அச்சாகிவிட்டது என்று ஒரு மாதமாக எங்களோடு பேசாமல் இருந்தவர். முந்தின நாள்தான் காலில் விழாத குறையாகச் சமாதானம் செய்திருந்தோம். அவர் முகம் சுளித்தால் மண்டபமே சுளிக்கும்.

கோத்தகிரிக்கு மூன்று மைல் இருக்கும்போது டயர் வெடித்தது. சாமி சத்தியமாக, இடது பின்சக்கரம்தான்.

துரை ஜாக்கியை அடியில் வைத்துவிட்டு ஸ்பேனரை எடுத்தார். பெரியப்பா அதை வாங்கிக்கொண்டார். "நீங்க தள்ளுங்க பெரியவரே. நாங்க டிராக்டர் சக்கரத்தையே கழட்டற ஆளுங்க." நட்டில் மாட்டி இடப்பக்கம் அழுத்தினார்.

"தப்பு" என்றார் துரை.

பெரியப்பா நிமிர்ந்து பார்த்தார். "என்னது?"

கடிகாரத்தைப் பார்த்தேன். மணி எட்டே முக்கால். துரை சொல்வது சரி என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்த மனிதரிடம் போய், அந்த நாளில், அவர் செய்வது தப்பு என்று யார் சொல்வது? பன்னிரண்டு வருட ஆத்திரமும் ஒன்றாகத் திரண்டு வந்தது. "ஏனுங்க, இன்னிக்கு ஒரு நாளாச்சும் அந்த வாயை மூடிட்டு இருக்க மாட்டீங்களா!" என்று துரையைப் பார்த்துக் கத்திவிட்டேன்.

அவர் வாயை மூடினார். அப்படி ஒரு காட்சியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பெரியப்பா ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதித்தார். டப். அடுத்த நட்டுக்குப் போனார். டப். ஐந்தில் இரண்டு ஸ்டட் போய்விட்டது. பெரியப்பாவின் முகம் சிவந்தது. ஏதோ தவறு நடக்கிறது என்று அவருக்கே புரிந்துவிட்டது. அதை எங்கள் முன்னால் எப்படி ஒப்புக்கொள்வது என்றுதான் தெரியவில்லை. காருக்குள் நித்யா, அழுதால் மை கலைந்துவிடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

துரை மெதுவாக முன்னால் வந்தார். தொண்டையைச் செருமினார். போச்சு, நட்டுப் பிரசங்கம் தொடங்கப்போகிறது, என் மகள் கல்யாணம் இந்த ரோட்டோரத்தில் முடிந்தது என்று நினைத்தேன்.

"அய்யா மேல பெசகு இல்லீங்க" என்றார் துரை. "இது மட்டமான இரும்பு. அய்யா கைப்பலத்தத் தாங்க ஏலாது. இந்த ஓட்டைக் காருக்கெல்லாம் பலமே இல்லாத ஆளு வேணும்." என் பக்கம் திரும்பினார். "இவரு இருக்காரே, இவரு கழட்டட்டும்."

பெரியப்பாவின் முகம் தெளிந்தது. "அதான பாத்தேன்! இரும்புல சத்தே இல்லீங்க" என்று சொல்லி ஸ்பேனரை என் கையில் கொடுத்தார்.

பட்டு வேட்டியோடு மண்ணில் முட்டி போட்டேன். வலப்பக்கம் திருகினேன். மூன்று நட்டும் வெண்ணெயில் இருந்து வருவதுபோல வந்தன. பெரியப்பா அதைப் பார்த்திருப்பார். ஆனால் துரை அவரை அந்தப் பக்கம் திருப்பி நிறுத்தி, தென்னையில் வண்டு விழுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மூன்றே நட்டில் மாற்றுச் சக்கரத்தை மாட்டி, மாட்டுவண்டி வேகத்தில் உருட்டிப்போய், ஒன்பது இருபதுக்கு மண்டப வாசலில் இறங்கினோம். தாலி ஏறியது. பெரியப்பா மூன்று முறை பாயசம் வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் துரையிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். மேனேஜர் கொடுத்த நாளிலிருந்து ஒரு ஈ உட்காரவிடாமல் பார்த்துக்கொண்ட காரை அவர் வாயாலேயே ஓட்டைக் கார் என்று சொன்னது எனக்குத் தூக்கத்தைக் கெடுத்திருந்தது.

"விடுங்க" என்றார். "ஸ்டட்டு வேற செஞ்சுக்கலாம். புள்ளைய வாழ அனுப்புற எடத்துல மனசு முறிஞ்சா எந்தப் பட்டறையில செய்வீங்க?" வாசலில் நின்ற காரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "ஆனா அவரு திருகினது தப்புதான்" என்றார். அது பெரியப்பா செய்தது எப்படியெல்லாம் தப்பு என்று ஒரு மணி நேரம் நீண்டது. அடுத்த சனிக்கிழமை கோயமுத்தூர்.

போன வருடம் அவரும் அக்காவும் மகனோடு கோயமுத்தூருக்கே குடிபோய்விட்டார்கள். காரும் போய்விட்டது. தெருவில் எல்லோரும் அவரவர் இஷ்டத்துக்கு நட்டுத் திருகுகிறார்கள். போன வாரம் துரை போன் செய்தார். அவர்கள் அடுக்ககத்தில் லிஃப்ட் பொத்தானை மேலே கீழே மாற்றி வைத்திருக்கிறார்களாம், அது எவ்வளவு பெரிய தப்பு என்று முக்கால் மணி நேரம் சொன்னார். ஆபீஸில் வேலை குவிந்து கிடந்தது. "சரிங்க, வச்சிரட்டுமா?" என்று கேட்டது அவர்தான், நான் இல்லை.