ஒத்திகை மேயர்

ரங்கூனில் மேயர் என்பவர் ராணுவ ஆட்சியின் மேலிடத்திலிருந்து வருகிறவர். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஆனால் 2009-இல் தேர்தல் பேச்சு பெரிய நாகரிகமாகிவிட்டபடியால், ஓர் அரசு அலுவலகம் நகரின் பசுந்தாங் பகுதியில் ஒரேயொரு பேட்டையில் 'கட்சி சார்பற்ற ஒத்திகை மேயர் தேர்தல்' நடத்தத் திருவுளம் கொண்டது.

ரத்தினம்மாளுக்கு மட்டும் அது ஒத்திகையாகப் படவில்லை. வலப்பக்கம் வண்டி ஓடும் ஊரில், இடப்பக்கம் ஓட்டும் நாட்டிலிருந்து வந்த பழைய பஸ்கள். கதவு நடுரோட்டில்தான் திறக்கும். நகர நடுவிலிருக்கும் கியாக்டடாவுக்கு வடை விற்கப் போனவள் போன மாதம் கூடையோடு நடுரோட்டில் விழுந்தாள். முழங்கால் இன்னும் வீங்கியிருந்தது. இன்னொரு தடவை விழுந்தால் பிழைப்பே போச்சு.

டீக்கடையில் வேட்பாளர்கள் விவாதம். தலைமை வகித்தவர் அந்த அலுவலகத்து அதிகாரி ஊ தெய்ன் மௌங்.

"கதவை வலப்பக்கம் மாத்தணும்" என்றார் முதல் வேட்பாளர் வடிவேல்.

அதிகாரி பேனாவைத் திறந்தார். "அப்போ பஸ்ஸை வரவழைச்சவங்க தப்புப் பண்ணிட்டாங்களா?"

"ஐயோ ஐயா, நான் கதவைச் சொல்லல. ஜன்னலைச் சொன்னேன்."

இரண்டாவது வேட்பாளர், ஜவுளிக்கடை பர்கத்துல்லா, தொண்டையைக் கனைத்தார். "ரோடு சரி. பஸ்ஸும் சரி. ரிவர்ஸ்ல ஓட்டினா கதவு தானா பிளாட்பாரத்துப் பக்கம் வந்துடும்!"

யாரையும் குறை சொல்லாத திட்டம். அதிகாரிக்கு ஆனந்தம்.

"பாய், நெசமா ஓடுமா?" என்றாள் ரத்தினம்மாள்.

"ஓட்டு போடு தங்கச்சி, ஓடும்."

போட்டாள். பேட்டையே போட்டது, வடிவேல் உட்பட.

மறுநாள் ஒத்திகை பஸ், முகத்தைப் பசுந்தாங்குக்கும் முதுகைக் கியாக்டடாவுக்கும் காட்டியபடி கிளம்பியது. கண்டக்டர் பின்னால் தொங்கிக்கொண்டு கத்தினான். டிரைவருக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. எப்படியோ போய்ச் சேர்ந்தது. ரத்தினம்மாள் கூடையோடு பிளாட்பாரத்தில் இறங்கினாள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அங்கேயே அதிகாரி அறிக்கை வாசித்தார்: "ஒத்திகை மாபெரும் வெற்றி. மக்களுக்கு வாக்களிக்கத் தெரியும் என்று நிரூபணமாகிவிட்டது. தெரிந்ததையே மறுபடி சோதிப்பது வீண் என்பதால், இனி தேர்தல் தேவையில்லை. பஸ்கள் வழக்கம்போல் ஓடும்."

எல்லாரும் கை தட்டினார்கள். ரத்தினம்மாளும் கூடையைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினாள்.

அடுத்த நாள் காலை அவள் நடுரோட்டில் குதித்தாள். லாரி ஒன்று புடவையை உரசிக்கொண்டு போனது. பின்னாலேயே குதித்த வடிவேல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பெருமையாகச் சொன்னார்:

"என்ன இருந்தாலும் தங்கச்சி, நாம ஓட்டுப் போட்ட ஆளுதான் ஜெயிச்சாரு!"