உப்பு மெக்கானிக் உட்காராத சீட்

செங்கல்பட்டிலிருந்து மகாபலிபுரம் வரை ஓடிய பழைய வண்டிகளில் உப்பு மெக்கானிக் ருசி பார்க்காத வண்டி ஒன்றுகூடக் கிடையாது. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் அவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். மனுஷன் பாயை விரித்து வண்டிக்கு அடியில் மல்லாந்து படுப்பார். இரும்பை நகத்தால் சுரண்டி, அந்த விரலை நாக்கில் வைத்துக் கண்ணை மூடுவார். கோயில் தீர்த்தம் வாங்கியவர் மாதிரி முகம் இருக்கும். அப்புறம்தான் தீர்ப்பு. அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை.

இன்னொன்று, அவர் எந்த வண்டியிலும் ஏறி உட்கார மாட்டார். சைக்கிள்தான். "சீட்டுல குந்திட்டா மனசு வண்டி பக்கம் சாஞ்சிடும்மா. அப்பறம் ஓட்ட ஒடசல் கண்ணுக்குத் தெரியாது" என்பார். ஒருமுறை கொட்டுகிற மழையில் ஒருவர் காரை நிறுத்தி ஏறச் சொன்னாராம். இவர் சைக்கிளை மட்டும் மேலே ஏற்றி அனுப்பிவிட்டு நடந்தே வந்து சேர்ந்தார்.

எங்களுக்கு அவர் தேவைப்பட்டது விளையாட்டுக்கு அல்ல. என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. திருவிடந்தையிலிருந்து வாரம் இரண்டு நாள் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்து வர வேண்டும். ஒருநாள் தவறினாலும் கால் வீங்கி மூச்சு முட்டும். பஸ் படி ஏற முடியாது. தாழ்ந்த காரில் முட்டி மடங்காது. "ஜீப்பு மாதிரி ஒசரமா, சின்னதா ஒரு வண்டி பழசுல பாக்கலாம்" என்றான் என் மகன். வண்டி எப்படி இருந்தாலும் சரி, நடுவழியில் நிற்கக்கூடாது.

முதலில் கடப்பாக்கத்தில் ஒன்று பார்த்தோம். சிவப்பு. ஸ்டியரிங்கில் சந்தனம், முன்னால் மாலை, உள்ளே சாம்பிராணி வாசம். பார்த்ததுமே இதுதான் நம் வண்டி என்று மனதில் முடித்துவிட்டேன். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு மீன் வாங்கியதில்லை நான். வண்டியை மட்டும் மேலாகப் பார்த்து மயங்கினேன்.

விற்கிறவர் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி முன்னாலேயே எங்களை வரச் சொல்லி, உப்பு மெக்கானிக் சைக்கிளில் வந்து நின்றார். பானெட் மேல் உள்ளங்கையை வைத்தார். சூடாக இருந்தது.

"இன்னா அண்ணாத்த, காலங்காத்தால எங்க போய்ட்டு வந்துச்சு?"

"சும்மா ஸ்டார்ட் பண்ணி வெச்சேன்" என்றார் விற்கிறவர்.

"ஆறிப்போனா ஸ்டார்ட் ஆவாது, அதானே? சளி புடிச்சத வெந்நி குடுத்துக் குந்த வெச்சிகீற."

பின் சீட்டுக்குக் கீழே விரித்திருந்த ரப்பர் மேட்டைத் தூக்கினார். சுரண்டினார். நாக்கில் வைத்தார்.

"இறா" என்றார்.

"சாமி சத்தியமா ஃபேமிலி வண்டிங்க."

"ஆமா, இறா குடும்பத்தோடத்தான் போயிருக்கும். பொட்டி பொட்டியா ஏத்திக்கினு சுத்தியிருக்க. ஐஸ் தண்ணி எறங்கி அடி அரிச்சிப்போச்சி." ஸ்குரூ டிரைவரை வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். அது தரையைத் துளைத்துக்கொண்டு போய் ரோட்டைத் தொட்டது.

எனக்குக் கோபம் அவர் மேல்தான் வந்தது. நான் பிடித்ததை ஒருவன் வேண்டாம் என்பதா? "வாங்கினா இத்தத்தான் வாங்குவேன்" என்றேன்.

"வாங்கிக்க. திருப்போரூர் தாண்டி நிக்கும். அப்ப உன் புருசனத் தோள்ல தூக்கிக்கினு ஆஸ்பத்திரிக்கு நட."

வாங்காமலே வீடு திரும்பினோம்.

அடுத்தது சிங்கப்பெருமாள் கோயிலில் ஒரு வாத்தியாருடையது. சாம்பல் நிறம், நாலு மூலையும் நசுங்கல். வாசலில் நிறுத்தினால் அக்கம்பக்கம் சிரிக்கும். ஏற முடிகிறதா என்று பார்க்க என் வீட்டுக்காரரையும் ஆட்டோவில் அழைத்துப் போயிருந்தோம். இங்கே பானெட் ஜில்லென்று இருந்தது. ஒரே திருகில் ஸ்டார்ட் ஆனது, புகை இல்லை. வாத்தியாரை மேடுபள்ளத்தில் ஓட்டச் சொல்லிவிட்டு, கதவில் காதை வைத்தபடி உப்பு மெக்கானிக் கூடவே ஓடினார். தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. பிறகு அடியில் போய்ப் படுத்தவர் வெகுநேரம் வரவில்லை. தூங்கிவிட்டாரா என்று என் மகன் குனிந்து பார்த்தான்.

"நேரா நேரத்துக்கு ஆயில் மாத்திகீறாரு. உப்பு இல்ல. மூஞ்சிதான் செரியில்ல. மூஞ்சிய வெச்சி இன்னா பண்ணப்போற?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் கதவைப் பிடித்துத் தானாக ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தார். "என்னயே கட்டிகினா. இத்தயா வேணாம்னுடுவா?" என்றார். அவர் சிரித்து நான் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது. அந்த வண்டியையே வாங்கினோம்.

ஏழு வருடம். ஒருநாள்கூட வழியில் நிற்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை உப்பு மெக்கானிக் கூப்பிடாமலே வருவார். கடல் காத்து விடாது என்று சொல்லி, நல்ல தண்ணீரால் அடியைக் கழுவி, படுத்து ருசி பார்ப்பார். என் வீட்டுக்காரர் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வெளியே நீட்டியிருக்கும் இரண்டு பாதங்களிடம் ஊர்க்கதை பேசுவார். பாதங்கள் ஆடி ஆடிப் பதில் சொல்லும்.

பிறகு என் வீட்டுக்காரர் போய்விட்டார். அன்றைக்கும் வண்டி நேரத்துக்குத்தான் கொண்டுபோய்ச் சேர்த்தது. உடம்புதான் கேட்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். உப்பு மெக்கானிக் சைக்கிளில் வந்தார். பாயை விரித்துப் படுத்தார். சுரண்டுகிற சத்தமே இல்லை. பாதங்களும் ஆடவில்லை.

"இன்னா அண்ணாத்த, துரு புடிச்சிகீதா?" என்றேன்.

"இல்லம்மா. நல்லா கீது. இன்னும் பத்து வருசம் ஓடும்."

வெளியே வந்து வெகுநேரம் கையைத் துடைத்தார். பிறகு முன் கதவைத் திறந்தார். என் வீட்டுக்காரர் உட்காரும் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

நான் உள்ளே இருந்த மகனைக் கூப்பிட்டேன். என் மகன் வந்து வண்டியை எடுத்தான். "எங்க போவணும் மாமா?"

"ஆஸ்பத்திரி ரோடு வேணாம். கடலாண்ட போய்ட்டு வரலாம்."

வண்டி தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு, வெயிலில் நின்ற அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் நிழலில் நிறுத்தினேன்.