ஐந்தாவது உரிமையாளர்

"இந்த ஞாயிற்றுக்கிழமை உன்னை நானே ஓட்டப்போறேன். யார் குறுக்கே வந்தாலும் சரி!" என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் சபதம் செய்தார். ஷெட்டுக்குள் நின்று, காரிடம்தான் செய்தார். மனைவி அப்போது வீட்டில் இல்லை.

அது லேசுப்பட்ட கார் அல்ல. அந்த ரகத்தில் மொத்தம் செய்ததே முப்பத்தேழு. முதல் உரிமையாளர் ஒரு நூற்பாலை முதலாளி. மலைப்பாதைப் பந்தயத்தில் மூன்று வருஷம் விடாமல் கோப்பை வாங்கினார். இரண்டாமவர் விமானி. தரையில் இருப்பதை மறந்து ஒரு வளைவில் பறந்தார்; அவர் ஒரு வயலிலும் கார் இன்னொரு வயலிலும் இறங்கினார்கள். மூன்றாமவர் பழுது பார்த்து மறுபடி பந்தயத்துக்கு விட்டார். பந்தயத்தில் கடைசியாக வந்தது; கோபத்தில் விற்றுவிட்டார். நான்காமவருக்குப் பந்தயம் கிந்தயம் ஒன்றும் தெரியாது. அதில் கோழி வளர்த்தார்.

கோழிகளைக் கிளப்பிவிட்டு வாங்கியவர் நம்மவர். பதினோரு வருஷம் உயிரைக் கொடுத்துப் புதுப்பித்தார். ஒரே ஒரு ஒரிஜினல் ஸ்க்ரூவுக்காக எட்டு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. சிவப்பு சரியான சிவப்பாக வர ஆறு தடவை பெயின்டைச் சுரண்டினார். ஆனால் ஓட்டவே இல்லை. ஓட்டினால் தேய்ந்துவிடுமாம்! துடைப்பார். எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்ப்பார். கட்டின மனைவியை அப்படி ஒரு நாள் பார்த்திருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை.

இப்போது பழைய கார் சங்கம் பந்தய மைதானத்தில் ஒரு சுற்று விடச் சொல்லிக் கூப்பிட்டிருந்தது. இரண்டே நிபந்தனை. காரின் பூர்வோத்தரத்தை ஃபைல் போட்டுக் கொடுக்க வேண்டும். பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர், அல்லது அவர் சம்மதம் எழுதிக் கொடுத்த ஆள்தான் ஓட்டலாம். பதிவுப் புத்தகத்தைத் தேடி எடுத்துப் பிரித்தவருக்குக் குப்பென்று வியர்த்தது. அதில் இருந்தது மனைவியின் பெயர்.

கோழி எச்சத்தோடு கார் வாசலில் வந்து இறங்கிய அன்று, அவள் கோபத்தில் பெட்டியைக் கட்டிவிட்டாள். "உனக்குத்தாம்மா, பிறந்தநாள் பரிசு!" என்று வாயில் வந்ததை உளறி, அதை அவள் நம்புவதற்காக அவள் பேரிலேயே பதிவும் செய்து தொலைத்தார். அதோடு மறந்தும் போனார்.

கேட்டால் எழுதிக் கொடுத்துவிடுவாள். ஆனால் கேட்க வேண்டுமே! அதற்கு அவர் மானம் இடம் கொடுக்கவில்லை. 'என் காரை என் கணவர் ஓட்டச் சம்மதிக்கிறேன்' என்று ஒரு கடிதத்தை டைப் அடித்து, சங்கத்து ஃபைலில் இருந்த இன்ஷூரன்ஸ் தாள்களுக்கு நடுவில் செருகிக்கொண்டு போனார்.

"இதுல நாலு கையெழுத்து போடும்மா. இன்ஷூரன்ஸ்."

"ஏன் விரலை வெச்சு மறைக்கறீங்க?"

"மறைக்கலையே. பறந்துடுமேன்னு பிடிச்சுக்கறேன்."

"ஃபேனே ஓடலையே."

"ஓடினா பறக்கும்ல?"

"வெச்சுட்டுப் போங்க. படிச்சுட்டுப் போடறேன்."

"இதுல படிக்க என்ன இருக்கு?"

"படிச்சாத்தானே தெரியும்!"

அவள் அலுவலகத்தில் கோப்புப் பிரிவுக் கண்காணிப்பாளர். கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட எழுத்துப் பிழையைச் சுழித்துவிட்டுத்தான் கல்யாணத்துக்குப் போவாள். மறுநாள் காலை மேஜைமேல் ஒட்டிய கவர் ஒன்று இருந்தது.

"எல்லாத்துலயும் போட்டாச்சு. உங்க ஃபைல்ல சில தப்பு இருந்துது, திருத்திட்டேன். சங்கத்துல அப்படியே குடுத்துடுங்க."

அவருக்குத் தலைகால் புரியவில்லை. பிரித்துப் பார்த்திருக்கலாம். கண்காணிப்பாளர் ஒட்டிய கவரைக் கிழிக்கத் தைரியம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. தோல் கையுறை சகிதமாகக் காரின் அருகே விறைப்பாக நின்றார். சங்கச் செயலாளர் கவரைப் பிரித்து மைக்கில் படித்தார். நூற்பாலை, விமானி, கோழி எல்லாம் வரிசையாக வந்தன. "ஐந்தாவது உரிமையாளர், இதோ, அம்மாவே வந்திருக்காங்க! இன்னிக்கு அவங்கதான் ஓட்டறாங்க. துடைப்பது: கணவர்."

ஒரே கைதட்டல். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு மனைவி கூட்டத்திலிருந்து வந்தாள்.

"அடியே, உனக்கு இதை ஓட்டத் தெரியுமா?"

"ரெண்டு வருஷமா வாராவாரம் வியாழக்கிழமை சாயங்காலம், நீங்க கடையில இருக்கறப்ப, நான்தானே ஓட்டறேன்!"

பக்கத்தில் நின்ற அவருடைய மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "சும்மா நிறுத்தி வெச்சா எஞ்சின் இறுகிடும் சார். உங்ககிட்ட சொன்னேன், துடைக்கத் துணி எடுக்கப் போயிட்டீங்க. அக்காகிட்ட சொன்னேன், சாவி எடுத்துட்டு வந்தாங்க."

"அப்ப நான் எழுதின லெட்டர்?"

"படிச்சேன். 'என் கார்'னு ஆரம்பிச்சிருந்தீங்க. நீங்க எழுதற வரைக்கும் எனக்கே அது ஞாபகமில்ல!" என்று சொல்லிவிட்டு அவள் ஏறி உட்கார்ந்தாள்.

கார் உறுமியது. அவள் வளைவுகளில் அநாயாசமாகத் திருப்பிக்கொண்டு போனாள். அவருக்கு வயிறு பற்றி எரிந்தது. ஆனால் பதினோரு வருஷத்தில் அந்த எஞ்சின் முழு மூச்சாகப் பாடி அவர் கேட்டதே இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது வந்ததற்காக இன்னும் எரிச்சல் வந்தது.

சுற்று முடிந்து வண்டி நின்றது. அவர் மானத்தையெல்லாம் மூட்டை கட்டிவைத்துவிட்டு ஓடினார். கையுறையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கதவருகே குனிந்து, குழைந்து கேட்டார்.

"ஏம்மா, ஒரே ஒரு ரவுண்டு நானும் ஓட்டிப் பாக்கட்டுமா?"

அவள் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள்.

"மனு எழுதிக் குடுங்க. பரிசீலிக்கறேன்."