கொடிக்காலுக்குச் சுண்ணாம்பு கொடுத்தவள்

படித்த படிப்பை வீட்டில் காட்டக் கூடாது. எம்.எஸ்ஸி. தாவரவியல் முடித்து, தொண்ணூறுகளில் சுந்தரபாண்டியத்துக்கு மருமகளாக வந்த நாலாவது மாதமே எனக்கு இந்தப் புத்தி வந்துவிட்டது.

மாமனாருக்கு வெற்றிலைக் கொடிக்கால். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். நாத்தனாரின் கல்யாணத் தாம்பூலத்துக்கென்று ஒரு வரிசையை மட்டும் மாமா கிள்ளாமல் விட்டிருந்தார். சொந்த இலையைச் சம்பந்தி கையில் கொடுப்பது அவருக்குப் பெரிய கௌரவம். பத்திரிகை வைக்க ராஜபாளையம் கிளம்பியபோது, "தண்ணி மட்டும் பாத்துக்கம்மா. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்றார்.

அன்று பார்த்து அந்த வரிசையில் இரண்டு கொடிகள் வாடின. வாடல் நோய் பரவினால் கல்யாணத்துக்கு இலை ஏது? உடனே பாடம் நினைவுக்கு வந்தது. கிருமி தொட்டதும் செடியின் செல்லுக்குள் கால்சியம் குபுகுபுவென்று புகும். அதுதான் அபாயச் சங்கு. அதன்பின் செடி சண்டைக்குத் தயாராகும். (பரீட்சையில் இதற்குப் பத்துக்கு ஒன்பது வாங்கியவள் நான்.) மற்ற கொடிகளுக்கும் நோய் வருமுன் நாமே சங்கை ஊதிவிட்டால்? வெள்ளையடிக்க வாங்கிய கல் சுண்ணாம்பு மூட்டையாகக் கிடந்தது. சுண்ணாம்பும் கால்சியம்தானே! கரைத்தேன். கொதித்தது. அது ஆறும்வரை என் பதற்றம் பொறுக்கவில்லை. அப்படியே வரிசை முழுக்க ஊற்றினேன்.

மறுநாள் காலையில் வரிசையே தலை தொங்கி நின்றது. ஒவ்வொரு பஸ் ஹாரனுக்கும் வாசலுக்கு ஓடினேன். மத்தியானம் மாமா வந்தார். நேராகக் கொடிக்காலுக்குப் போய், வெளுத்த மண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"கால்சியம், மாமா. செடிக்கு எச்சரிக்கை..."

"எம்புட்டு ஊத்துன?"

"ரெண்டு அண்டா."

முதலில் வாடிய இரண்டு கொடிகளின் பக்கம் போய்க் குனிந்தார். வாய்க்காலில் அடைத்திருந்த சருகை அள்ளிப் போட்டார்.

"நோயும் இல்ல, ஒண்ணும் இல்ல. தண்ணி ஏறல, அம்புட்டுதான். திருடன் வாரான்னு சத்தங்குடுக்கப் போயி வீட்டையே கொளுத்திட்டியேம்மா!"

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டு, பக்கத்துக் கொடிக்காலுக்கு இலை கேட்கப் போனார். அந்த நடையைப் பார்த்து நான் அழுதேவிட்டேன். கால்சியம் புகும் கதவைச் செடி தானே திறந்து, உடனே சாத்திக்கொள்ளும் என்பதும் அந்தப் பாடத்தில்தான் இருந்தது. பரீட்சையில் போன அந்த ஒரு மார்க் அதற்குத்தான்.

கல்யாணம் இரவல் இலையில் நடந்தது. நாத்தனார் இன்றும் தாம்பூலத் தட்டை நீட்டும்போது, "மதினி, இலையை எடுத்துக்கோங்க. சுண்ணாம்ப நான் தடவித் தாரேன்" என்பாள். கொடிக்காலுக்குள் நுழைய மற்றவர்கள் செருப்பைக் கழற்றினால் போதும். நான் இரண்டு கையையும் விரித்துக் காட்ட வேண்டும்.