துணி மகானும் ஏழாம் கட்டிலும்

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் கூட்டம் நெட்டித் தள்ளியது. டாக்டரைப் பார்க்கவா? அட, நீங்கள் வேறு! துணி மகான் வருகிறார். ஒரே பட்டுத் துணியால் கட்டில் கட்டிலாக நோயாளிகளைத் துடைத்து, ஆஸ்பத்திரியில் திரியும் காய்ச்சல் பேயை உறிஞ்சி எடுப்பாராம். துணியைத் துவைக்கவே மாட்டாராம். துவைத்தால் சக்தி போய்விடுமாம். காணிக்கை மட்டும் போகாது.

அதே ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் ரத்தத்தைப் பரிசோதிக்கும் பெண்ணுக்கு இது பொறுக்கவில்லை. ஏழாம் கட்டிலில், கழுத்தில் மருந்துக் குழாயோடு கிடப்பவன் அவளுடைய தம்பி. அன்றிலிருந்து மூன்றாம் நாள் அவனைத் துடைக்க மகானிடம் சொல்லி வைத்துவிட்டாள் அத்தை.

மகான் வருவதற்கு முன், மாதத்துக்கு இரண்டு பேர் ரத்தத்தில்தான் எந்த மருந்துக்கும் மசியாத கிருமி இருந்தது. அவர் வந்த மாதம் ஐந்து. போன மாதம் ஒன்பது. அதில் மூன்று பேர் வீடு திரும்பவில்லை. பெரிய டாக்டரிடம் சொன்னாள். பேய் வெளியேறும்போது கொஞ்சம் ஆட்டம் காட்டும் என்று மகான் விளக்கிவிட்டாராம். பெரிய படிப்புப் படித்தவர் அல்லவா, விளக்கம் என்று ஒன்று இருந்தால் போதும் அவருக்கு.

அவள் மகானிடமே போய்த் துணியைக் கேட்டாள். அவர் பெருமையாக நீட்டினார். கிருமி வளர்க்கும் தட்டில் அதை ஒற்றிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். சோப்புப் போட்டுக் கழுவிய தன் விரலை இன்னொரு தட்டில் ஒற்றினாள். இரண்டே நாளில் துணித் தட்டில் கிருமி அப்பிக் கிடந்தது. நோயாளிகளின் ரத்தத்தில் இருந்த அதே கிருமி. விரல் தட்டில் அது இல்லை.

மூன்றாம் நாள் மகான் துணியோடு வந்ததும், அவள் இரண்டு தட்டையும் ஏந்தித் தம்பியின் கட்டிலை மறித்து நின்று, விஷயத்தைச் சொன்னாள். அத்தைக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

"பாத்தியா? எல்லாப் பேயையும் துணி உறிஞ்சி வச்சிருக்கு."

கூட்டம் அந்தத் தட்டையே கும்பிடப் பார்த்தது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"சரி அத்தை. சவரம் பண்ணும்போது மகான் கன்னத்தைக் கீறிக்கிட்டிருக்காரு பாருங்க. அந்தத் துணியால முதல்ல அதைத் துடைச்சுக்கட்டும். அப்புறம் தம்பியைத் துடைக்கட்டும்."

மகான் ஓர் அடி பின்னால் போனார். கை தன்னால் கன்னத்தை மூடிக்கொண்டது.

"அது... எனக்குச் சேராதும்மா."

அத்தையின் முகம் மாறியது. "உங்களுக்குச் சேராதது எங்க பிள்ளைக்கு மட்டும் சேருமா?"

மகான் துணியை அங்கேயே போட்டார். நேரே குழாயடிக்கு ஓடினார். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். அப்படியே படியிறங்கிப் போனவர்தான்.

சத்தம் கேட்டு, ஆறாம் கட்டில் நோயாளியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்த பெரிய டாக்டர் வந்தார். வந்த கையோடு தம்பியின் கழுத்துக் குழாயைப் பிடிக்கப் போனார். அத்தை குறுக்கே விழுந்து தடுத்தாள்.

"அந்தத் திருடன்கூடக் கையைக் கழுவிட்டுத்தான் போனான் டாக்டர். நீங்களாவது கொஞ்சம் யோசிங்க."